எடை ஏறிய மூட்டை

"அது என்னுது இல்ல." மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தையைத் தன் புருஷன் வாயிலிருந்து வாங்க முடியாமல்தான் காந்தா மூன்று வருஷமாகக் கோட்டைக்குப்பத்துக்கும் புழல் ஜெயிலுக்கும் பஸ் மாறி மாறி அலைந்துகொண்டிருந்தாள். சொன்னால் வெளியே வர வழி உண்டு. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்கிறான் துளசிங்கம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று கேட்பீர்கள். பழவேற்காட்டுக் குப்பங்களில் போய்க் கேட்டுப் பாருங்கள், "அவன் எப்படிங்க சொல்லுவான்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். பழவேற்காடு ஏரியில் அவனவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த ஊர்க்காரன் எந்த இடத்தில் எந்த முறைக்குக் கழி நட்டு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு நடக்கிற நாளில் உன் கழிக்குள் எது வந்தாலும் உன்னுடையது. இறால் வந்தாலும் உன்னுடையது, ஒற்றைச் செருப்பு வந்தாலும் உன்னுடையது. "இது என்னுது இல்ல" என்று நீ வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அந்த எல்லையே உன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பக்கத்துப் பாட்டுக்காரன் அன்றைக்கே கழியைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிடுவான். அதற்குப் பயந்து, தன் பாட்டில் ஒதுங்கிய செத்த நாயைக்கூட என்னுதுதான் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

அன்றைக்குத் துளசிங்கத்தின் பாடு. முகத்துவாரத்துப் பக்கமிருந்து தண்ணீர் ஏறுகிற நேரம், நீலத் தார்ப்பாய் சுற்றி இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை மிதந்து வந்து, அவனுடைய கடைசிக் கழிக்கும் பக்கத்து ஊரான பசியாவரத்துத் தனசேகரின் முதல் கழிக்கும் நடுவில் வந்து முட்டி நின்றது. துளசிங்கம் ஒரு முனையைப் பிடித்தான். தனசேகர் மறுமுனையைப் பிடித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்று ஒருவன் தாத்தாவை இன்னொருவன் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் படகு வந்தது.

"யாருதுடா மூட்டை?" என்றார் எஸ்.ஐ. கவியரசன்.

"என்னுது சார்!" என்றார்கள் இரண்டு பேரும்.

எஸ்.ஐ. கத்தியால் ஒரு ஓரத்தைக் கீறி மோந்து பார்த்தார். அவர் முகம் கல்யாண வீட்டு முகமாகிவிட்டது. இருக்காதா பின்னே? அவர் சர்வீசில் மூட்டை கிடைத்தால் ஆள் கிடைக்க மாட்டான், ஆள் கிடைத்தால் கோயில் கற்பூரத்தை அணைத்து, இது என்னுது இல்லை என்று சத்தியம் செய்வான். இங்கே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள்!

"சண்டை போடாதீங்கப்பா. உங்க ஊர் வழக்கப்படியே தீர்த்துக்குங்க. நான் வெயிட் பண்றேன்" என்றார், தங்கமான மனுஷர்.

ஊர்ப் பெரியவர் நாகப்பன் வந்தார். கயிறு போட்டு அளந்தார்கள், விரித்த இரண்டு கை நீளம் ஒரு பாகம். இந்தக் கழிக்கு இத்தனை பாகம், அந்தக் கழிக்கு அத்தனை பாகம் என்று கரை முழுக்க ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் மூட்டை துளசிங்கத்துடையதுதான் என்று தீர்ப்பாயிற்று. கோட்டைக்குப்பத்துப் பையன்கள் விசிலடித்தார்கள். துளசிங்கம் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினான்.

"நிச்சயமா உன்னுதுதானே?"

"கங்கையம்மன் மேல சத்தியமா என்னுது சார்."

எஸ்.ஐ. கை குலுக்கினார். குலுக்கிய கையிலேயே விலங்கை மாட்டினார்.

மூட்டைக்குள் கஞ்சா என்று தெரிந்ததும் எவனுக்கும் புத்தி வந்திருக்க வேண்டுமே, அதுதான் இல்லை. துளசிங்கம் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு தனசேகரைப் பார்த்தான். தனசேகர் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "இன்னா மச்சான், இப்பவாச்சும் உன்னுது இல்லன்னு ஒத்துக்குறியா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் காந்தாவின் குடியைக் கெடுத்தது.

"கஞ்சாவா இருந்தாலும் என்னுதுதான்டா!" என்றான் துளசிங்கம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்தது எடை. ஸ்டேஷன் தராசு ரிப்பேர். மூட்டையை மீன் ஏலக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "தண்ணி வடியறதுக்குள்ள நிறுத்துங்கய்யா" என்று எஸ்.ஐ. அவசரப்படுத்தினார். தார்ப்பாய்க் கீறல் வழியாக ஏரித் தண்ணீர் கொட்டுகிறது, சேறு ஒழுகுகிறது, ஒரு நண்டு இறங்கி நடந்தே போய்விட்டது. ஏலம் விடுகிற சிங்காரம் முள்ளைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "இருபத்தி மூணு! இருபத்தி மூணு கிலோ! கேக்குறவங்க கேளுங்க!" என்று கத்திவிட்டான். பொன்னேரி வியாபாரி ஒருவர் விலையும் கேட்டுவிட்டார். எஸ்.ஐ. லத்தியைத் தூக்கிய பிறகுதான் ஏலம் நின்றது. இருபது கிலோவுக்கு மேல் போனால் அது வியாபார அளவு, பத்து வருஷத்துக்குக் குறைந்து தண்டனை கிடையாது. நண்டும் சேறும் தண்ணீரும் சேர்ந்து துளசிங்கத்தைப் பத்து வருஷத்துக்குத் தூக்கிக் கொடுத்தன. கீழ்க் கோர்ட்டில் நீதிபதி கேட்டபோதும் அவன், பின்னால் உட்கார்ந்திருந்த தனசேகரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "என்னுதுதான் ஐயா" என்றான்.

ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டுக்கொடுத்தது வெண்ணிலா என்ற சின்ன வயசு வக்கீல். இலவச சட்ட உதவியில் வந்த பெண். கேஸ் கட்டை முழுக்கப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஈரத்தோட நிறுத்தியிருக்காங்க. மூட்டையைக் கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி மறுபடி நிறுத்தச் சொல்றேன். இத்தனை வருஷத்துல காஞ்சிருக்கும், ஏழெட்டு கிலோகூடத் தேறாது. ஆனா உங்க வீட்டுக்காரரு போற இடத்துலல்லாம் என்னுது என்னுதுன்னு சொல்லி வெச்சிருக்காரே, அதுதான் தொண்டையில முள்ளு. அது மிதந்து வந்தது, என்னுது இல்லன்னு ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க. போதும்."

காந்தா மனு போட்டுப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துளசிங்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"ஒரு கையெழுத்து மாமா. நீ வந்துடலாம்."

"வந்து? எங்க வலை கட்டுறது? தனசேகரு ஊட்டு வாசல்லயா?"

"பாடு பெருசா, நான் பெருசா?"

"அப்படிலாம் கேக்கக் கூடாது காந்தா" என்றான் அவன், நிஜமாகவே வருத்தத்தோடு. "நைனா எனக்கு உட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். என்னுது இல்லன்னு என் வாயால வராது."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குடைகிறதே என்றும் சொல்ல மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? மூன்று வருஷமாக அவள் தனியாகக் கூடை தூக்கினாள். அவன் முறை வருகிற நாளில் கூலிக்கு ஆள் வைத்து வலை கட்டினாள். ராத்திரியில் பாயின் ஒரு ஓரத்தில் மட்டும் படுத்து எழுந்தாள். அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

நேரே படகேறிப் பசியாவரத்துக்குப் போனாள். தனசேகர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ கோர்ட்டுக்கு வந்து சொல்லு. மூட்டை தண்ணில மிதந்து வந்துச்சு, அவரு கொண்டாரலன்னு."

"தாராளமா வரேன் தங்கச்சி. மிதந்து வந்துச்சு, எங்க எல்லையில ஒதுங்குச்சு, அது என் மூட்டைன்னு ஜட்ஜு மூஞ்சிக்கு நேரா சொல்றேன். ஆனா எங்க எல்லைன்னு உங்க ஊரு முதல்ல ஒத்துக்கணும்."

"உன் மூட்டைன்னு சொன்னா உன்ன புடிச்சு உள்ள போட்டுடுவாங்கண்ணா!"

"போடட்டுமே. பாடு வந்துடும் இல்ல?"

காந்தா தலையில் அடித்துக்கொண்டாள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஆனாலும் அடுத்த நாள் ஊரைக் கூட்டச் சொன்னாள். பொம்பளை எழுந்து பாடு விஷயம் பேசுவது அங்கே வழக்கமில்லை. நாகப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இன்னாம்மா, யோசிச்சுதான் பேசுறியா?" என்றார். அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கு மூட்டை அவங்க எல்லையிலதான் இருந்துச்சு. அது எங்களுது இல்ல" என்றாள்.

 வழக்கப்படி கழியை விட்டுக்கொடுக்கிற வீட்டார்தான் பிடுங்கித் தர வேண்டும். காந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாமனார் நட்ட இடம். கழி சுலபத்தில் வரவில்லை, ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிடுங்கித் தனசேகர் கையில் கொடுத்தாள். வாங்கும்போது அவன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 

ஹைகோர்ட்டில் அன்றைக்கு மூட்டையை ஏட்டு மாணிக்கம் தூக்கிக்கொண்டு வந்தார். கோர்ட்டில் வைக்க இடமில்லை என்று இத்தனை வருஷமும் அது ஸ்டேஷன் பின்னறையில் அவர் பொறுப்பிலேயே இருந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார் பாருங்கள், அப்போதே வெண்ணிலாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கருவாட்டு வாடை அடித்தது. முன் வரிசை வக்கீல்கள் கர்ச்சீப்பை எடுத்தார்கள். நிறுக்கத் தராசு இல்லாமல் கேண்டீனிலிருந்து வெங்காயம் நிறுக்கிற தராசைக் கொண்டு வந்தார்கள்.

முப்பத்தொரு கிலோ.

 அரசு வக்கீல் பூவரசன் துள்ளி எழுந்தார். "மை லார்ட், குற்றப் பொருளின் அளவு கூடியிருக்கிறது. ஆகவே தண்டனையையும் அதற்கேற்றபடி கூட்டும்படி அரசுத் தரப்பில்..."

 சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்கள், இங்கே ஏறாமலே சறுக்குகிறதே! மூட்டை பெருக்கப் பெருக்க ஜெயிலும் பெருகுமா? அடி கங்கையம்மா, கழியையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று காந்தா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி கையைக் காட்டிப் பூவரசனை உட்கார வைத்தார். "ஏட்டு, இது செடியில பறிச்ச பிறகும் வளருமா?"

மாணிக்கம் சல்யூட் அடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அதுதான் அரசுத் தரப்புக்கு வந்த கேடு.

"இல்லீங்க ஐயா. காய ஆரம்பிச்சுது. எடை இறங்கிடுச்சு. இருபத்தி மூணுன்னு ரெக்கார்டு, அதுல ஒரு கிலோ குறைஞ்சாலும் ஏட்டு குடிச்சிட்டாருன்னுதான சொல்லுவாங்க? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க ஐயா. அதனால அப்பப்போ ஒரு குடம் தண்ணி ஊத்துவேன்."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"அவ்வளவுதாங்க ஐயா. வேற ஒண்ணும் கலக்கல."

"என்ன தண்ணி?"

"ஏரித் தண்ணிதாங்க. ஸ்டேஷன் பின்னாடியே இருக்குது."

நீதிபதி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மூட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பேனா முனையால் சுரண்டினார். "இது என்னய்யா?"

"உப்புங்க ஐயா." மாணிக்கத்துக்குக் குரல் இறங்கிவிட்டது. "தண்ணி காஞ்சுடுது, உப்பு நின்னுடுது. எடை ஏறுதேன்னு அப்புறம்தான் கவனிச்சேன். குறைஞ்சா கேப்பாங்க, கூடினா எவன் கேக்கப் போறான்னு உட்டுட்டேன்."

"முத்திரை? அரக்கு முத்திரை என்ன ஆச்சு?"

"அது நனைஞ்சு உதிர்ந்துடுச்சுங்க. ஸ்டேஷன் முத்திரை பீரோவுல, பீரோ சாவி ஐயாகிட்ட, ஐயா லீவு. அதான் புதுசா அரக்கு உருக்கி ஊத்தி அஞ்சு ரூபா காசை வெச்சு அழுத்தினேன். சிங்கம் தெளிவா உழுந்துச்சுங்க ஐயா. அதுவும் அரசாங்க முத்திரைதானே?"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டவாலி போட்ட சேவகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காந்தா மட்டும் சிரிக்கவில்லை, சிரிப்பு நல்லதா கெட்டதா என்று வெண்ணிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்தில் தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துத் தனசேகர் எழுந்தான். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, ஜெயிலுக்குப் போகத் தயாராகத் துண்டு சோப்பெல்லாம் ஒரு பையில் கொண்டு வந்திருந்தான்.

"ஐயா, அந்த மூட்டை..."

"நீங்க யாருங்க?"

"மூட்டைக்காரன் ஐயா. அது என்..."

"உக்காருங்க. உங்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை" என்றார் நீதிபதி. "இந்த மூட்டையில் கஞ்சா எவ்வளவு, உப்பு எவ்வளவு, ஏட்டு எவ்வளவு என்று இந்தக் கோர்ட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. பிடித்தபோது நிறுத்தது கஞ்சாவையா ஏரியையா என்றும் தெரியவில்லை. முத்திரையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தண்டனை ரத்து. துளசிங்கத்தை விடுதலை செய்யலாம்."

வெண்ணிலா திரும்பிக் காந்தாவைக் கட்டிக்கொண்டாள். காந்தா மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். அப்படியானால் தனசேகர் சாட்சியே தேவைப்படவில்லை. கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஐந்து ரூபாய்க் காசும் செய்கிற வேலைக்கு, அவள் மாமனார் நட்ட கழியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். சும்மா. வெறுமனே.

விடுதலை அன்றைக்குத் தனசேகரே தன் மீன் வண்டியை எடுத்துக்கொண்டு புழலுக்கு வந்தான். கேட்டால், எங்க மூட்டைக்காகத்தானே மச்சான் உள்ளே போனது, கூட்டிக்கொண்டு வருவதுதான் மரியாதை என்றான். சின்னக் கதவு திறந்தது. துளசிங்கம் ஒரு துணிப்பையோடு குனிந்து வெளியே வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான், காந்தாவைப் பார்த்தான், வண்டிக்குள் இருந்த தனசேகரைப் பார்த்தான்.

"பாடு எப்படி இருக்குது?" என்றான். முதல் பேச்சே அதுதான்.

அவள் மறைக்கவில்லை. "குடுத்துட்டேன் மாமா. எங்களுது இல்லன்னு ஊர்ல சொல்லிட்டேன். கழியையும் நானேதான் பிடுங்கிக் குடுத்தேன். நீ வரணும்னுதான்."

 துளசிங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தான். ஜெயில் கதவைப் பட் பட்டென்று தட்டினான்.

வார்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, ஏதாச்சும் மறந்துட்டியா?"

"நான் உள்ள வரேன் சார். கதவைத் தெற."

"அப்படிலாம் வர முடியாது. கேஸ் இல்லாம யாரையும் உள்ள எடுக்க மாட்டோம்."

"ஏதாச்சும் ஒரு கேஸ் போட்டுக்கோ சார். உன் கால்ல வேணா உழுறேன்."

"யோவ், பெரிய ரோதனையா இருக்குது உன்னோட. வெளிய போறதுக்கு அழறவனைப் பாத்திருக்கேன்..." வார்டர் கதவைச் சாத்திக்கொண்டார். துளசிங்கம் விடவில்லை, மறுபடி தட்டினான்.

காந்தா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாகக் கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் பஸ்ஸிலும் வராத அழுகை அப்போது வந்தது. ஓவென்று வந்தது.

"தட்டு! நல்லா தட்டு! யோவ், உனக்காக ஒரு கதவு மூணு வருஷமா தெறந்தே கெடக்குது. தாழ்ப்பா போடாம படுத்துனு இருக்கேன், நீ எந்நேரம் வந்தாலும் தட்டக் கூடாதுன்னு. அத்த உட்டுட்டு மூடிக்கிட்டுப் போன கதவைப் போய்த் தட்டுறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? நான் குடுத்தது பாட்டைத்தான்யா. நீ குடுத்தது என்னைய!"

துளசிங்கத்தின் கை கதவின் மேலேயே நின்றது.  பிறகு வந்தான். அவள் எதிரே குந்தினான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பெற்ற பிள்ளையின் சாவைச் சொல்கிறவன் மாதிரி வார்த்தை தடுமாறியது.

"காந்தா."

"இன்னா?"

"அது என் மூட்டை இல்ல."

வண்டிக்குள்ளிருந்து தனசேகர் சீட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பாத்தியா மச்சான்! நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, அது என்..."

"அண்ணா, வாயை மூடிக்கினு வண்டியை எடு" என்றாள் காந்தா. முந்தானையால் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்து எழுந்தாள்.